கவிழ்ந்தால் திரும்ப ஏறக்கூடிய கயாக்கையே வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மலையக இளைஞரிடம் கயாக் என்ற ஒடுக்கமான துடுப்புப் படகின் மீது ஆசை வளர்ந்து வருகிறது. காசல்ரி, மவுஸ்ஸாகலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்களின் கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் அந்தத் தண்ணீரில் துடுப்புப் போட நினைப்பது நியாயமான ஆசைதான். ஆனால் பெரும்பாலானோர் "எது மலிவு?" என்ற ஒரே கேள்வியோடு கடைக்குப் போகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நடுத்தண்ணீரில் கவிழ்ந்தால், ஒருவர் கையும் பிடிக்காமல் நான் இதில் மறுபடி ஏறுவேனா? குறைந்த பணத்தில் முதல் கயாக் வாங்குகிறவர் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் பாதித் தெரிவு தானாக முடிந்துவிடும்.

கயாக்கில் இரண்டு வகை உண்டு. ஒன்று, குழிக்குள் கால்களை நீட்டி உள்ளே உட்காருவது. மற்றது, மூடிய உடலின் மேல் உட்காருவது. விற்பவர்கள் "சிட் ஒன் டொப்" என்பார்கள். பொழுதுபோக்குக்கென்று மலிவாக வரும் உள்ளே உட்காரும் கயாக்குகள் பலவற்றில் முன்பக்கம் தண்ணீரைத் தடுக்கும் உட்சுவர் கிடையாது. கவிழ்ந்தால் நூறு லீற்றருக்கு மேல் தண்ணீர் உள்ளே போய்விடும். நூறு லீற்றர் என்றால் நூறு கிலோ. அந்தக் கனத்தைத் தண்ணீருக்குள் நின்றபடி ஒருவர் புரட்டவும் முடியாது, வாளியால் இறைத்து முடிக்கவும் முடியாது. மேலே உட்காரும் கயாக்கின் உடல் நாலு பக்கமும் மூடிய கூடு. உட்காரும் பள்ளத்தில் விழும் தண்ணீர் அடிவரை போகும் துளைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மிதக்கும், புரட்டிப் போட்டு ஏறிக்கொள்ளலாம்.

நமது நீர்த்தேக்கங்களில் இந்த வேறுபாடு இன்னும் பெரிது. காசல்ரியும் மவுஸ்ஸாகலையும் கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல் இருக்கின்றன. 1873இல் வெட்டப்பட்ட நுவரெலியா கிரகரி வாவி ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு வாங்கும், வாய் தானாகத் திறக்கும். கொஞ்ச நேரத்தில் விரல்களில் பலம் குறையும். நீர்கொழும்பில் அரை மணித்தியாலம் தொங்கிக்கொண்டிருக்கக்கூடியவருக்கு இங்கே அவ்வளவு நேரம் கிடைக்காது.

மேலே உட்காரும் வகைக்கும் ஒரு குறை உண்டு. உட்காரும் இடம் எப்போதும் ஈரமாக இருக்கும். அதிகாலைக் குளிரில் பருத்தி ஜீன்சோடு ஏறினால் அரை மணித்தியாலத்தில் நடுங்க வேண்டிவரும். சீக்கிரம் காயும் பொலியெஸ்டர் காற்சட்டையும், மேலுக்கு ஒரு மெல்லிய மழை ஜெக்கட்டும் போதும். இந்தக் குறையைத் தாங்கிக்கொள்ளலாம்.

ஏறும் முறை இதுதான். படகைப் புரட்டி நேராக்கியதும் இருக்கைக்குப் பக்கவாட்டாக வாருங்கள். முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம். இரண்டு கையையும் படகுக்குக் குறுக்கே நீட்டி, எட்டினால் தூரத்து விளிம்பைப் பிடியுங்கள். நிமிர்ந்து நின்றபடி ஏறப் பார்த்தால் படகு மறுபடி மேலே கவிழும். கால்களைப் பின்னால் நீட்டி உதைத்து, உடம்பு தண்ணீர் மட்டத்துக்குப் படுக்கையாக வந்ததும், மீன் கரையேறுவது போல வயிற்றைப் படகின் குறுக்கே இழுத்துப் போடுங்கள். மூச்சு விட்டு, மல்லாந்து திரும்பி, இடுப்பை இருக்கையில் வைத்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். அவசரப்பட்டுக் காலை முதலில் போடுகிறவர்கள்தான் மறுபக்கம் விழுகிறார்கள்.

அளவுக்கு வருவோம். ஒருவருக்கு 9 முதல் 10½ அடி நீளமும் 72 முதல் 80 சென்றிமீற்றர் அகலமும் போதும். எட்டடிப் படகு விலை குறைவாக இருக்கும், தூக்கவும் லேசு. ஆனால் ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் மூக்கு இடமும் வலமும் ஆடும். பத்தடிக்கு மேல் போகப் போக நேராக ஓடும், கனமும் கூடும். அகலம் 85ஐத் தாண்டினால் மிதக்கும் பலகை மாதிரி உறுதியாக நிற்கும். துடுப்பை எட்டிப் போட வேண்டியிருப்பதால் தோள் விரைவில் களைத்துவிடும். ஒரே படகில் இரண்டு பேர் போகலாமே என்று இரட்டை இருக்கைப் படகு வாங்க நினைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் ஒருவர் மட்டும் பின் இருக்கையில் உட்கார்ந்து போனால் முன்பக்கம் தூக்கி நிற்கும். காற்று அடித்தால் மூக்கு காற்றாடி போலத் திரும்பிவிடும். நடுவிலும் உட்கார இடம் உள்ள இரட்டைப் படகென்றால் பரவாயில்லை.

தாங்கும் எடை என்று படகில் ஒட்டியிருக்கும் எண் அது மூழ்காமல் நிற்கும் எல்லையைக் காட்டுவது, நன்றாக ஓடும் எல்லையை அல்ல. அதில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் உங்கள் எல்லையாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஆள் 70 கிலோ, உயிர்காப்பு அங்கி, தண்ணீர்ப் போத்தல், சாப்பாடு, தூண்டில், நனைந்த துணி எல்லாம் 10 கிலோ, மொத்தம் 80. எனவே 120 கிலோவுக்குக் குறைந்த படகு உங்களுக்குப் பொருந்தாது. அளவுக்கு மேல் ஏற்றினால் வடிகால் துளைகள் வழியாகத் தண்ணீர் மேலே வரத் தொடங்கும். இருக்கையில் குளம் கட்டினால், படகு ஒழுகுகிறது என்று நினைத்துத் துளைகளுக்கு அடைப்பான் செருகுவார்கள். பிறகு மேலே விழும் தண்ணீருக்கு வடிய வழியில்லை.

புதிய படகுக்குப் பணம் போதாதவருக்குப் பாவித்த படகே நல்லது. கயாக்கின் உடல் என்ன பொருள் என்பது மலையகத்தாருக்குப் புதிதல்ல. கூரைக்குப் பக்கத்தில் மேடை கட்டி வைக்கும் தண்ணீர்த் தாங்கி எப்படிச் செய்யப்படுகிறதோ, அப்படித்தான் இதுவும். பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக் தூளை அச்சுக்குள் போட்டு, சூடாக்கி, இரு பக்கமும் சுழற்றி எடுக்கிறார்கள். அடிபட்டாலும் உடையாது, வளைந்து கொடுக்கும். அதற்குப் பகை வெயில்தான்.

பார்க்கப் போகும்போது ஒரு டோர்ச், ஒரு துணி, ஒரு வாளி கொண்டு போங்கள். முதலில் துணியால் மேற்பரப்பைத் துடையுங்கள். சுண்ணாம்பு போல நிறம் துணியில் ஒட்டி வந்தால், நகத்தால் கீறினால் தூள் உதிர்ந்தால், அது பல வருட வெயிலில் கிடந்த படகு. பார்வைக்கு முழுசாக இருந்தாலும் ஒருநாள் கல்லில் மோதும்போது வெடிக்கும். அடுத்து, படகைக் கவிழ்த்து வைத்து, பின்முனையில் குந்தி, ஒரு கண்ணை மூடி அடிக்கோட்டின் வழியே முன்முனையைப் பாருங்கள். தச்சர் பலகையின் கோட்டம் பார்ப்பது போல. முறுக்கிக்கொண்ட படகு எப்போதும் ஒரு பக்கமே இழுக்கும். அதைத் திருத்த முடியாது. அடியில் உள்ள பள்ளங்கள் வேறு விஷயம். அவை வாகனத்தில் இறுக்கிக் கட்டி வெயிலில் விட்டதால் வந்தவை. மடிப்பு விழாத பள்ளம் என்றால் மத்தியான வெயிலிலோ சுடுதண்ணீர் ஊற்றியோ உள்ளிருந்து தள்ளினால் எழும்பி வரும். விலை குறைக்க அதைச் சொல்லிக் கேட்கலாம், பயப்பட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டிய இடங்கள் இரண்டு. ஒன்று பின்முனையின் அடி. தனியாளாக மூக்கைத் தூக்கிக் கரத்தை ரோட்டில் இழுத்துப் போகும்போது முழுத் தேய்மானமும் அந்தக் கையளவு இடத்தில்தான் விழும். பெருவிரலால் அழுத்துங்கள். மற்ற இடத்தைவிட எளிதாக உள்ளே போனால் பிளாஸ்டிக் மெலிந்துவிட்டது. இரண்டாவது வடிகால் துளைகளின் வாய். துளைக்குள் டோர்ச் அடித்து, வட்டத்தைச் சுற்றி நூல் போன்ற வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். துளைகளில் செருகித் தள்ளிப் போகும் சில்லு வண்டியில் ஏற்றிய படகுகளில் இந்த வெடிப்பு வரும். வெள்ளைக் கோடாகத் தெரிந்தால் வெடிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

சந்தேகம் இருந்தால் ஒரு வாளி, இரண்டு வாளித் தண்ணீரை, உள்ளே தேங்கும் நீரை வெளியேற்ற வைத்திருக்கும் அடைப்பான் வாய் வழியாக உடலுக்குள்ளேயே ஊற்றி, மூடி, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, படகை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் வெளியே துளி துளியாகக் கண்ணுக்குத் தெரியும். தண்ணீரில் மிதக்க விட்டு உள்ளே எவ்வளவு வந்தது என்று பார்ப்பதைவிட இது நல்ல சோதனை. ஒழுகும் இடமே தெரிந்துவிடுகிறது.

வெடித்த படகை அரல்டைட் வைத்து ஒட்டிக் கொடுத்திருந்தால் வாங்க வேண்டாம். இந்தப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை நிலைத்துப் பிடிக்காது. மேலே ஓடாகக் காய்ந்து, ஒரு மாதத்தில் கழன்றுவிடும். அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியைச் சூட்டில் உருக்கிப் பற்றவைப்பதே சரியான வேலை. தண்ணீர்த் தாங்கி பற்றவைக்கத் தெரிந்தவர் செய்வார். ஆனாலும் வடிகால் துளையில் வந்த வெடிப்பு பற்றவைத்தாலும் பெரும்பாலும் திரும்ப வரும். கண்ணாடி இழைப் படகென்றால் கதை வேறு. அதைப் பிசினும் இழைத்துணியும் வைத்து நன்றாகத் திருத்தலாம், ஆனால் கல்லில் மோதினால் முதலில் உடைவதும் அதுதான்.

காற்று நிரப்பும் கயாக் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். படகு வைக்க இடமில்லாத லயத்துக் காம்பராவில் இருப்பவருக்கும், பஸ்ஸில் கொண்டு போக வேண்டியவருக்கும் அது ஒரு வழி என்பதை மறுக்க முடியாது. பலரும் அறிந்த இன்டெக்ஸ் எக்ஸ்புளோரர் கே2 நிரப்பினால் 3.12 மீற்றர் நீளமும் 91 சென்றிமீற்றர் அகலமும் வரும். 180 கிலோ தாங்கும் என்று குறித்திருக்கிறார்கள். காற்றில்லாத காலையில் கரையோரமாகப் போக அது போதும். ஆனால் லேசான உடல் தண்ணீருக்கு மேலேயே நிற்பதால் காற்று அதைக் காகிதம் போல இழுத்துப் போகும். தென்மேல் பருவப்பெயர்ச்சிக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, மேற்குச் சரிவில் காற்று ஏறி வரும் நாட்களில் அதை எடுக்கவே கூடாது. பக்கம் இரண்டுக்கும் அடிக்குமாகத் தனித்தனியே மூன்று காற்றறைகள் இல்லாத எதையும் படகென்று எண்ண வேண்டாம்.

காற்றுப் படகுக்கு இங்கே இன்னொரு ஆபத்து, தண்ணீர் வற்றும் காலம். தேயிலை அடிக்கட்டைகள், மூழ்கிய மரங்கள், போத்தல் ஓடுகள் எல்லாம் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும். 1969இல் மவுஸ்ஸாகலை அணை வந்தபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயில் சுவர்கள் கடும் வறட்சியில் வெளியே தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அவை வெளியே தெரிவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு சாண் ஆழத்தில் மறைந்திருக்கின்றன. கரையில் நிறுத்தும்போதும் கவனம் வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் அளவாக நிரப்பிய படகை மத்தியான வெயிலில் போட்டால் காற்று விரிந்து பொருத்து பிரியும். கரையேறியதும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் நமது குளிருக்கு இரண்டு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். உணவு வாடை ஒட்டியிருந்தால் எலி கடிக்கும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது? பத்துப் பங்கில் ஆறு பங்குக்கு மேல் படகின் உடலுக்குக் கொடுக்க வேண்டாம். மிச்சத்தில் முதலில் வாங்க வேண்டியது உயிர்காப்பு அங்கி, பிறகு துடுப்பு. பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முழுப் பணத்தையும் படகுக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் கிடைக்கும் மலிவான அங்கியை வாங்குகிறார்கள்.

அங்கி மிதக்க வைக்கும் பலத்தை நியூட்டனில் குறிப்பார்கள். நீந்தத் தெரிந்தவர் கரையோரம் ஓட்ட 50 நியூட்டன் அங்கி போதும். அதன் சீட்டில் ஐஎஸ்ஓ 12402-5 என்று இருக்கும். நீந்தத் தெரியாதவருக்கும் பிள்ளைகளுக்கும் 100 நியூட்டன், அதாவது 12402-4. இது மல்லாக்கத் திருப்பி முகத்தை மேலே வைத்துக்கொள்ளக் கூடியது. சீட்டே இல்லாமலும், பொய்ச் சீட்டோடும் விற்கிறார்கள் என்பதால் ஒரு சோதனை சொல்கிறேன். கடைத் தராசுக்கு வைக்கும் 5 கிலோ இரும்புப் படிக்கல் ஒன்றை அங்கியின் அடியில் கட்டி, ஒரு பீப்பாயிலோ தொட்டியிலோ விடுங்கள். இரும்பு தண்ணீருக்குள் ஏறத்தாழ 4.4 கிலோதான் நிறுக்கும். 50 நியூட்டன் அங்கி ஐந்து கிலோவுக்குச் சற்று மேலே தாங்கும். ஆகவே அது மிதந்தே ஆக வேண்டும். உடனே எடுத்துவிடாமல் ஓர் இரவு அப்படியே விடுங்கள். உள்ளே மெத்தை ஸ்பொஞ்ச் அடைத்த அங்கி மாலையில் மிதக்கும், காலையில் அடியில் கிடக்கும். ஐந்து கிலோ எப்படி ஓர் ஆளைத் தாங்கும் என்று கேட்கலாம். மனித உடம்பு தண்ணீருக்குள் ஓரிரு கிலோதான் நிறுக்கும். தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொள்ள அவ்வளவு தாங்கினால் போதும்.

அளவும் பாருங்கள். பூட்டுகளைப் போட்டு, வேறொருவரைத் தோள்பட்டியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். அங்கி காது வரை ஏறினால் பெரிது. விசில் ஒன்றை அங்கியிலேயே கட்டிவிடுங்கள்.

துடுப்பு 165 முதல் 175 சென்றிமீற்றர் உயரமானவருக்கு, மேலே சொன்ன அகலத்துக்கு, 230 சென்றிமீற்றர். அகலம் கூடினால் 240. அலுமினியத் தண்டும் பிளாஸ்டிக் இதழும் உள்ளது ஒரு கிலோவுக்குச் சற்று மேலே நிறுக்கும். தொடக்கத்துக்கு அது போதும். இரண்டு துண்டையும் பொருத்தி முறுக்கிப் பாருங்கள். மூட்டில் ஆட்டம் இருந்தால் வேண்டாம். அலுமினியம் காலையில் கை விறைக்கும் அளவுக்குக் குளிரும். பழைய சைக்கிள் டியூபை வெட்டிப் பிடி இடத்தில் ஏற்றிவிட்டால் குளிர்வதும் வழுக்குவதும் நிற்கும். படகில் கட்டும் கயிறு பொலிபுரொப்பிலீனாக இருக்கட்டும், அது மிதக்கும், நைலோன் அமிழ்ந்துவிடும்.

நிறத்தை அலங்காரமாக நினைக்க வேண்டாம். தேயிலை மலையைப் பின்னால் வைத்துப் பச்சைப் படகு காணாமல் போகும், பனிமூட்டத்தில் சாம்பலும் நீலமும் காணாமல் போகும். செம்மஞ்சள் அல்லது மஞ்சள் எடுங்கள்.

வாங்குமுன் ஒருமுறை உங்கள் வீட்டு வாசலிலிருந்து தண்ணீர் வரை நடந்து பாருங்கள். பத்தடிப் படகு 20 முதல் 25 கிலோ. நிறைந்த கொழுந்து மூட்டையின் கனம். ஆனால் மூட்டை தலைக்கும் முதுகுக்கும் அமரும், படகு எதற்கும் அமராது. இறங்கும்போது சரிவு உதவும், திரும்பும்போது களைத்த உடம்போடு ஏற்றம் ஏற வேண்டும். தனியாகத் தூக்க முடியாதென்றால் அயலவர் ஒருவரோடு கூட்டாக வாங்குவது புத்தி. வேனின் கூரையில் ஏற்றினால் தட்டைப் பட்டிகள் இரண்டு குறுக்கேயும், முன்னும் பின்னும் ஒவ்வொரு கயிறும் போட வேண்டும். குறுக்குப் பட்டி மட்டும் போட்ட படகு கொண்டையூசி வளைவுகளில் பக்கவாட்டில் நழுவும். வீட்டில் இஸ்தோப்புக் கூரையின் கீழே, விளிம்பில் சாய்த்து, படங்கு போட்டு மூடி வையுங்கள். அடுப்படிச் சுவருக்குப் பக்கம் வேண்டாம். இரண்டு முனையில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் நடு வளைந்துபோகும்.

இந்தப் படகு நிற்கும் தண்ணீருக்கானது. கித்துல்கலையில் வேகமாக ஓடும் தண்ணீரைப் பார்த்துவிட்டு அங்கே இறக்க வேண்டாம். அதற்குத் தனிப் படகு, தலைக்கவசம், வழிகாட்டி எல்லாம் வேண்டும். அணைகளுக்குக் கீழே உள்ள ஓயாக்களிலும், லக்ஷபான, கெனியன், நோர்ட்டன் போன்ற சிறிய தேக்கங்களிலும் மின்நிலையம் இயங்குவதைப் பொறுத்து நீர்மட்டம் சடுதியாக மாறும். "வான்கதவுகள் திறக்கப்பட்டுள்ளன, தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானம்" என்ற அறிவித்தல் வந்த நாளில் எந்த நீர்த்தேக்கத்திலும் இறங்க வேண்டாம். மற்ற நாட்களில், இறங்கும் இடத்தில் அனுமதி உண்டா என்று முதலில் கேட்டறிந்து, காற்றுக்கு எதிராக முதலில் போய்க் காற்றோடு திரும்புங்கள். களைத்த பிறகு காற்றை எதிர்த்து வருவது பலருக்கு முடியாத காரியம்.

இறக்குமதி செய்து விற்பவர்களுக்கும் இப்பத்திரிகை மூலம் இரண்டு வேண்டுகோள்கள். படகின் நீளம், அகலம், நிறை, தாங்கும் எடை நான்கையும் தமிழிலும் எழுதி ஒட்டுங்கள். மலைநாட்டில் தமிழில் வாசிப்பவர்கள் பலர். மற்றது, விற்குமுன் வாங்குபவரை இடுப்பளவு தண்ணீரில் ஒருமுறை இறக்கி, மூன்று தரம் கவிழ்ந்து மூன்று தரமும் ஏறிப் பார்க்க விடுங்கள். ஏற முடியாமல் போனால் அதைவிட அகலம் கூடியதோ உயரம் குறைந்ததோ ஒன்றைக் காட்டுங்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆகாது.

இப்படிக்கு,
படகோட்டப் பயிற்றுநர்,
நோர்வூட்.